ஊரை விட்டுப் போனாலும் ஊர்ப் பேர் போகாது

பட்டிமன்றத் தலைப்பு: ஒரு விளையாட்டு அணிக்கு அடையாளம் தருவது வீரர்களா? ஊர் மக்களா?
'ஊர் மக்களே' என்னும் அணியில் இரண்டாவது பேச்சு

    

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ரொம்ப அழகாகப் பேசினாங்க. வீரன் இல்லாம ஆட்டம் ஏது, அணி ஏதுன்னு அடுக்கு அடுக்கா கேட்டாங்க. நீங்களும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். (சிரிப்பு) ஆனா ஐயா, அந்தக் கைதட்டலை யோசிச்சுப் பாருங்க. இதே பேச்சை இந்தச் சகோதரி பூட்டின வீட்டுக்குள்ளே தனியா நின்னு பேசியிருந்தா அதுக்குப் பேரு பட்டிமன்றமா? பக்கத்து வீட்டுக்காரங்க பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டிருப்பாங்க. (பலத்த சிரிப்பு, கைதட்டல்) பேசுறவங்களைப் பேச்சாளர் ஆக்குறது கேட்கிறவங்க. ஆடுறவங்களை அணி ஆக்குறது பார்க்கிறவங்க. என் கட்சி அவ்வளவுதான்.

இதை நிரூபிக்க நூறு அணிகளைத் தொட்டுத் தொட்டுப் போகப் போறதில்லை. ஒரே ஒரு அணி. அதோட பிறப்பிலிருந்து இன்று வரைக்கும் சொல்றேன். கிரிக்கெட்டை எடுத்தா நீங்க எல்லாரும் என்னை விட அதிகமா தெரிஞ்சவங்க, மாட்டிக்குவேன். அதனால அமெரிக்காவுக்குப் போறேன். பேஸ்பால்!

நடுவர்: அது என்னய்யா ஆட்டம்? எங்க வீட்டம்மாவுக்கும் புரியிற மாதிரி சொல்லும்.

சொல்றேன் ஐயா. அணிக்கு ஒன்பது பேர். ஒருத்தர் பந்தை எறிவார், அவர் பிட்ச்சர். உருண்டையான மட்டையை வைத்துக்கொண்டு ஒருத்தர் அடிப்பார். நம்ம கிரிக்கெட் மாதிரி இரண்டு முனைக்கு நடுவில் ஓடுறது இல்லை. சதுரமா நாலு மூலை, மூலைக்கு மூலை 90 அடி. அடிச்சவர் மூணு மூலையையும் தொட்டுச் சுத்தி, கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தா ஒரு ரன். அந்தக் கிளம்பின இடத்துக்கு அவங்க வச்சிருக்கிற பேர் என்ன தெரியுமா ஐயா? 'ஹோம்'. வீடு! வீட்டை விட்டுக் கிளம்பி, ஊரெல்லாம் சுத்தி, பத்திரமா வீட்டுக்கு வந்து சேர்ந்தாத்தான் கணக்கிலே ஏறும். ஆட்டமே என் கட்சி ஐயா! (கைதட்டல்)

நான் எடுத்துக்கொண்ட அணியின் பேர் டாட்ஜர்ஸ். இன்றைக்கு அவங்க இருக்கிறது அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில். 2024-லும் 2025-லும் அடுத்தடுத்து 'உலகத் தொடர்' கோப்பையை ஜெயிச்ச அணி. உலகத் தொடர்னு பேர் வச்சிட்டு, கனடாக்காரங்க ஒரு அணியைத் தவிர மற்ற எல்லாம் அமெரிக்க அணிகளாவே இருக்கும். அதை நாம கேட்கக் கூடாது. (சிரிப்பு) ஆனா இந்த அணி பிறந்தது லாஸ் ஏஞ்சலிஸிலே இல்லை. ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் தள்ளி, கிழக்குக் கரையிலே, புரூக்ளின் என்கிற ஊரிலே, 1883-ஆம் ஆண்டு பிறந்தது.

புரூக்ளின் இன்றைக்கு நியூயார்க் நகரத்தின் ஒரு பகுதி. அன்றைக்கு அது தனி நகரம். தனி மேயர், தனி நகர மன்றம். 1898-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி அதை நியூயார்க்கோடு இணைச்சிட்டாங்க. ஒரே ராத்திரியில் ஒரு நகரம், பெரிய நகரத்தின் வால் ஆகிப்போச்சு. மேயர் போனார், மன்றம் போச்சு. 'எங்க ஊர்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல அந்த மக்களுக்கு மிச்சமிருந்த சில விஷயங்களில் ஒன்று இந்தப் பேஸ்பால் அணி. அது அவங்களுக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை ஐயா. ஊர்ப் பேரைச் சொல்ல வந்த பிள்ளை.

சரி, அந்தப் பிள்ளைக்குப் பேர் வச்சது யாரு? அங்கேதான் சுவாரசியம். ஆரம்பத்தில் ஒரு பேர் நிலையா நிக்கலை. 1888 வாக்கில் அந்த அணியிலே பல வீரர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் கல்யாணம் ஆச்சு. உடனே அணிக்குப் பேர் 'பிரைடுகுரூம்ஸ்'. அதாவது மாப்பிள்ளைகள்! (சிரிப்பு) எதிரணி நண்பர்களே, வீரர்களை வச்சுப் பேர் வச்சாங்க, ஒத்துக்கிறேன். அந்தப் பேர் எத்தனை நாள் நிலைச்சது? மாப்பிள்ளை முறுக்கு எத்தனை நாள் இருக்குமோ அத்தனை நாள்தான்! (பலத்த சிரிப்பு)

நடுவர்: அனுபவம் பேசுது!

ஐயா, இந்த அரங்கத்தில் அனுபவம் இல்லாதவங்க யாரு? அப்புறம் வில்பர்ட் ராபின்சன்னு ஒரு மேலாளர் வந்தார். 1914 முதல் 1931 வரைக்கும் இருந்தார். அவர் பேரால 'ராபின்ஸ்'னு கூப்பிட்டாங்க. அவர் போனார், அந்தப் பேரும் போச்சு. நின்ற பேர் எது? டாட்ஜர்ஸ். அது எங்கிருந்து வந்தது? 1890-களில் புரூக்ளின் தெருக்களில் மின்சார டிராம் வண்டிகள் ஓட ஆரம்பிச்சது. குதிரை வண்டி வேகத்துக்குப் பழகின ஜனங்க, இந்த வேகத்தைப் பார்த்து அரண்டுபோனாங்க. விபத்துகள் நடந்தது. ரோட்டைத் தாண்டணும்னா வண்டிக்குத் தப்பி, குதிச்சு, விலகி ஓடணும். அதனால புரூக்ளின்காரங்களைக் கேலியா 'டிராலி டாட்ஜர்ஸ்'னாங்க. டிராம் வண்டிக்குத் தப்பி ஓடுறவங்க! அந்தக் கேலிப் பேர்தான் ஐயா அணியின் பேர் ஆச்சு. அந்தப் பேர் எந்த வீரனையும் பத்தினது இல்லை, எந்த முதலாளியையும் பத்தினது இல்லை. கையில் பையோட, இடுப்பில் பிள்ளையோட, உயிருக்குப் பயந்து ரோட்டைத் தாண்டின சாதாரண ஜனங்களோட பேர். (கைதட்டல்)

நம்ம பெரியவங்க பேருக்கு முன்னாலே ஊர்ப் பேரை இனிஷியலாப் போட்டுக்குவாங்க. ஊரை விட்டு வந்து அம்பது வருஷம் ஆகியிருக்கும். அங்கே ஒரு சென்ட் நிலம் இருக்காது. ஆனா கையெழுத்துப் போடும்போது அந்த ஒரு எழுத்து வரும். டாட்ஜர்ஸ் என்கிற பேர் அந்த இனிஷியல் மாதிரி. இதை மனசிலே வச்சுக்குங்க, கடைசியிலே திரும்ப வர்றேன்.

1913-ஆம் ஆண்டு அந்த அணிக்கு ஒரு மைதானம் திறந்தாங்க. உரிமையாளர் சார்லஸ் எபெட்ஸ். அவர் பேராலேயே எபெட்ஸ் ஃபீல்டு. பார்த்துப் பார்த்துக் கட்டினார். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சது, பத்திரிகைக்காரங்க உட்கார இடமே கட்டலை! (சிரிப்பு) அந்தச் சின்ன மைதானத்திலே நடந்த கூத்தைக் கேளுங்க. ஹில்டா செஸ்டர்னு ஒரு அம்மா. இதய நோய் வந்ததனால் கத்தக் கூடாதுன்னு டாக்டர் தடுத்திட்டாராம். அதுக்காக மைதானத்துக்கு வராம இருந்தாங்களா? மாட்டுக் கழுத்தில் கட்டுற மணியை எடுத்துட்டு வந்து ஆட்ட ஆரம்பிச்சுட்டாங்க! வாய்க்குத்தானே தடை, கைக்கு இல்லையே! (சிரிப்பு, கைதட்டல்) இன்னொரு பக்கம் ரசிகர்களே சேர்ந்த ஒரு பேண்டு வாத்தியக் குழு. சுருதிக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆட்டம் இழந்துட்டுப் போற எதிரணிக்காரர் நடக்கிற நடைக்குத் தகுந்தபடி வாசிச்சு, அவர் பெஞ்சில் உட்காருகிற நொடியில் டமார்னு ஒரு அடி! ஆபிரகாம் ஸ்டார்க்னு ஒரு துணிக்கடைக்காரர் மைதானச் சுவரில் விளம்பரம் வச்சிருந்தார். இந்தப் பலகையில் பந்தை அடிச்சா ஒரு கோட்டு சூட்டு இலவசம். துணிக்கடைக்காரரைக் கூட ஊரே தெரிஞ்சு வச்சிருந்தது. பிற்காலத்தில் அவர் புரூக்ளின் பகுதியின் தலைவர் பதவிக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்!

இப்படிக் கொண்டாடினாங்களே, அணி ஜெயிச்சுதான்னு கேளுங்க. 1916-ல் உலகத் தொடரில் தோல்வி. 1920-ல் தோல்வி. அப்புறம் 1941, 1947, 1949, 1952, 1953 என ஐந்து முறை பக்கத்து வீட்டு நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் தோல்வி. மொத்தம் ஏழு முறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாங்க. ஐயா, வீரர்களோட வெற்றிதான் அடையாளம்னா இந்த அணியை 1920-லேயே ஊர் மறந்திருக்கணும். மறந்ததா? ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு புரூக்ளின் முழுக்க ஒரே வார்த்தை: 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.' தங்கள் அணியைத் தாங்களே 'நம்ம சோம்பேறிப் பயலுக'ன்னு செல்லமாத் திட்டுவாங்க. வேற ஊர்க்காரன் அப்படிச் சொன்னா சண்டைக்குப் போவாங்க. நம்ம பிள்ளையை நாம திட்டலாம், எதிர்வீட்டுக்காரர் திட்டலாமா? அதுதான் ஐயா சொந்தம்! (கைதட்டல்)

இப்போ எதிரணித் தலைவர் மேஜையைத் தட்டிக் கேட்கப் போறார்: 'ஜாக்கி ராபின்சனை மறந்திட்டீரா?' மறப்பேனா? அந்தப் பேரைச் சொல்லும்போது நாமெல்லாம் எழுந்து நிற்கணும். அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீகுகளில் அறுபது வருஷத்துக்கு மேலாக் கறுப்பின வீரர்களுக்கு இடமே கிடையாது. எழுதி வச்ச சட்டம் இல்லை, எழுதாத தீண்டாமை. 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி அந்தச் சுவரை உடைச்சு, 42 என்ற எண் போட்ட சட்டையோட எபெட்ஸ் ஃபீல்டிலே இறங்கினார் ஜாக்கி ராபின்சன். அவரைக் கொண்டுவந்தவர் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி. எவன் என்ன வசை பாடினாலும் திருப்பி அடிக்காமல் நிற்கிற துணிச்சல் வேணும்னு ரிக்கி கேட்டார். ராபின்சன் நின்றார். அந்த வருஷமே சிறந்த புதுமுக வீரர். 1949-ல் லீகின் மதிப்பு மிக்க வீரர்.

அவருடைய பெருமையில் ஒரு துளியைக் கூட நான் குறைக்க மாட்டேன். ஆனா எதிரணி நண்பர்களே, ஒரு கேள்வி. அவர் வரக் கூடாதுன்னு முதலில் கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பினது யாரு? அதே அணியின் வீரர்கள் சிலர்! 1947 ஆரம்பத்தில், பயிற்சி முகாமிலே, எங்களோட அவர் ஆடக் கூடாதுன்னு மனு எழுதினாங்க. பீ வீ ரீஸ் மாதிரி சிலர் கையெழுத்துப் போட மறுத்தாங்க, மேலாளர் அந்த மனுவைக் கிழிக்காத குறையாத் தடுத்தார். சரி, ஊர் என்ன செய்தது? அந்த வருஷம் எபெட்ஸ் ஃபீல்டுக்கு வந்த கூட்டம் 18 லட்சத்தைத் தாண்டியது. அந்த மைதானத்தின் சரித்திரத்திலேயே அதுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை! புரூக்ளின் என்பது யூதர், இத்தாலியர், ஐரிஷ்காரர், கறுப்பின மக்கள் என்று பிழைக்க வந்தவங்க நெருக்கி வாழ்ந்த ஊர். எல்லாரும் புத்தர்கள்னு சொல்ல மாட்டேன். ஆனா டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்னு, வந்து உட்கார்ந்து, அந்த மனிதருக்காகக் கத்தினாங்க. வீரர்கள் சிலர் கதவைச் சாத்தப் பார்த்தபோது, திறந்து வச்சது ஊர் ஐயா! (நீண்ட கைதட்டல்)

நடுவர்: ரிக்கிதானே திறந்து வச்சார்? அவரை விட்டுட்டீரே!

பூட்டைத் திறந்தது ரிக்கி ஐயா. திறந்த கதவு மறுபடி மூடிக்காமப் பிடிச்சிட்டு நின்றது ஊர். (கைதட்டல்)

1955-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி. மறுபடியும் உலகத் தொடர், மறுபடியும் யாங்கீஸ், மறுபடியும் ஏழாவது, கடைசி ஆட்டம். 23 வயசுப் பையன் ஜானி பாட்ரெஸ் பந்தெறிகிறான். சுரங்கத் தொழிலாளி மகன். ஆறாவது சுற்றிலே ஒரு பந்து இடது மூலைக்குப் பறக்குது, விழுந்தா கதை முடிஞ்சது. கியூபாவிலிருந்து வந்த சாண்டி அமோரோஸ் ஓடோடி வந்து கையை நீட்டிப் பிடிக்கிறார். ஆட்டம் முடியிறப்போ 2-க்கு 0. டாட்ஜர்ஸ் வெற்றி! கார் ஹாரன்கள் ஓயலை, தெருத் தெருவா ஜனங்க ஆடினாங்க. பாட்ரெஸ் ஒரு மலைப்பக்கத்துக் கிராமம், அமோரோஸ் கியூபா, ரீஸ் கென்டக்கி, ராபின்சன் ஜார்ஜியாவில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்தவர். ஜெயிக்க வச்ச கைகள் எங்கெங்கிருந்தோ வந்தது. ஆனா அழுத கண்கள் எல்லாம் புரூக்ளின் கண்கள்! இந்த நாலு ஊர்க்காரங்களையும் 'நம்ம பசங்க' ஆக்கினது எது? அந்த ஊரோட வாய் ஐயா.

இனிமேல்தான் கதையின் கசப்பு. வீரன் என்றால் ஒப்பந்தக்காரன். 1956 டிசம்பரில் ராபின்சனையே பரம வைரியான ஜயண்ட்ஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்துட்டாங்க. அவர் போகலை, ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றார். வீரனை விற்கலாம். அடுத்து அணியே நகர்ந்தது. உரிமையாளர் வால்டர் ஓமாலி. நியாயத்துக்கு அவர் பக்கமும் சொல்லணும். எபெட்ஸ் ஃபீல்டு பழசாகிப்போச்சு. ஏறக்குறைய 32,000 பேர்தான் உட்காரலாம், சுமார் 700 கார்தான் நிறுத்தலாம். புரூக்ளினிலேயே வேறொரு இடத்தில் புதுசாக் கட்ட நிலம் சேர்க்க உதவுங்கன்னு நகரத்தைக் கேட்டார். நியூயார்க் கட்டுமானங்களை எல்லாம் கையில் வச்சிருந்த ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி, அங்கே முடியாது, வேணும்னா குவீன்ஸ் பகுதிக்குப் போங்கன்னார். இவர் விடலை, அவர் கொடுக்கலை. நடுவிலே லாஸ் ஏஞ்சலிஸ் கூப்பிட்டது. இரண்டு பெரிய மனுஷங்க இழுத்த இழுப்பிலே ஒரு ஊரோட பிள்ளை பறிபோச்சு. அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில் மணி ஆட்டின ஹில்டா அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டாங்களா? இல்லை ஐயா.

1957 செப்டம்பர் 24. எபெட்ஸ் ஃபீல்டில் கடைசி ஆட்டம். வந்தவர்கள் 6,702 பேர். டாட்ஜர்ஸ் 2-க்கு 0 என்று ஜெயிச்சாங்க. மைதானத்தின் ஆர்கன் வாசிக்கிற கிளாடிஸ் குட்டிங் என்ற அம்மா, ஆட்டத்தினூடே பிரிவுப் பாட்டாவே வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க. இரண்டே வாரத்தில் அறிவிப்பு வந்தது: அணி போகிறது. 1960 பிப்ரவரி 23-ல் மைதானத்தை இடிக்க ஆரம்பிச்சாங்க. இடிக்கிற இரும்புக் குண்டுக்கு பேஸ்பால் மாதிரியே வெள்ளையடிச்சு, சிவப்புத் தையல் வரைஞ்சு, அதை வச்சு இடிச்சாங்க. அந்த இடத்தில் இப்போ அடுக்குமாடி வீடுகள். அங்கே ஒரு பலகை வச்சிருந்தாங்க ஐயா: 'இங்கே பந்து விளையாடக் கூடாது'! (அரங்கில் அமைதி)

எதிரணி கேட்கும்: 'போன ஊரிலே இரண்டாம் வருஷமே, 1959-லேயே கோப்பை ஜெயிச்சாங்களே! ஊர் போயும் அணி வாழ்ந்ததே!' நல்ல கேள்வி. பதில் சொல்றேன். ராய் காம்பனெல்லா என்று ஒரு மகத்தான வீரர், புரூக்ளினின் செல்லப்பிள்ளை. அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகிற நேரத்தில், 1958 ஜனவரியில், கார் விபத்தில் முதுகெலும்பு முறிஞ்சு சக்கர நாற்காலிக்கு வந்துட்டார். லாஸ் ஏஞ்சலிஸுக்காக ஒரு பந்து கூட அவர் ஆடினதில்லை. 1959 மே 7-ஆம் தேதி அவருக்காக ஒரு ஆட்டம் நடத்தினாங்க. வந்தவங்க எத்தனை பேர் தெரியுமா? 93,103! விளக்கை எல்லாம் அணைச்சிட்டு, ஆளுக்கொரு தீக்குச்சி கொளுத்தினாங்க. இருட்டிலே ஆயிரமாயிரம் சுடர். எந்த ஆட்டத்துக்காக? ஆடி முடிச்ச ஆட்டத்துக்காக. அந்த ராத்திரிதான் லாஸ் ஏஞ்சலிஸ் அந்த அணியைத் தத்து எடுத்தது என்பேன் நான். (கைதட்டல்)

ஆனா அந்த ஊரிலேயும் ஒரு காயம் இருந்தது. அதை மறைச்சிட்டுப் பேசினா நான் என் கட்சிக்கே துரோகி. புது மைதானம் கட்டின இடம் சாவேஸ் ரவீன். மெக்சிகோ வம்சாவளி மக்கள் தலைமுறையா வாழ்ந்த மூணு குடியிருப்புகள். 1950-லேயே அரசாங்கம் அங்கே குறைந்த வாடகை வீடுகள் கட்டப்போறோம், உங்களுக்குத்தான் முதல் இடம்னு சொல்லிக் காலி செய்யச் சொன்னாங்க. பெரும்பாலானவங்க போனாங்க. வீட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. கடைசியில் அந்த நிலம் டாட்ஜர்ஸுக்குப் போச்சு. 1959 மே மாதம், காம்பனெல்லாவுக்குத் தீக்குச்சி கொளுத்தின மறுநாள், போக மறுத்த கடைசிக் குடும்பத்தைப் போலீஸ் தூக்கிட்டு வந்து வெளியே விட்டு, வீட்டை இடிச்சாங்க. 1962-ல் அங்கே பளபளன்னு மைதானம் திறந்தது. அழகான மைதானம். கூட்டமும் வந்தது. ஆனா அந்த மெக்சிகோ வம்சாவளி மக்களில் பலருக்கு அந்த மேட்டைப் பார்த்தாலே நெஞ்சு எரிஞ்சது.

அந்த எரிச்சல் தணிய 19 வருஷம் ஆச்சு. 1981-ல் மெக்சிகோவின் ஒரு குக்கிராமத்திலிருந்து பெர்னாண்டோ வாலென்சுவேலா வந்தான். 20 வயசு, குண்டு உடம்பு, பந்தெறியும்போது கண்ணை வானத்துக்கு உருட்டுவான். முதல் எட்டு ஆட்டமும் வெற்றி! அந்த ஒரே வருஷத்தில் சிறந்த புதுமுகம், சிறந்த பிட்ச்சர் இரண்டு விருதும் வாங்கினான். வேற யாரும் அப்படி வாங்கினதில்லை. 'ஆஹா, வீரன்தானே!' என்று எதிரணி சிரிக்குது. பொறுங்க! இதே பெர்னாண்டோ வேறொரு ஊரில் ஆடியிருந்தா ஒரு நல்ல பிட்ச்சர். இந்த ஊரிலே ஆடினதால, வீடு இழந்த ஒரு சமூகம் தாத்தா பாட்டியோட, பேரப் பிள்ளைகளோட, மனத்தாங்கலைக் கொஞ்சம் இறக்கி வச்சிட்டு அந்த மேட்டிலே மறுபடி ஏறியது. எல்லாரும் மன்னிச்சாங்கன்னு சொல்லலை. அது அவங்க உரிமை. ஆனா அன்றைக்குத்தான் அந்த அணி முழு லாஸ் ஏஞ்சலிஸின் அணி ஆச்சு. 2024 அக்டோபரில், உலகத் தொடர் தொடங்க மூணு நாள் இருக்கும்போது பெர்னாண்டோ இறந்துபோனார். அவருடைய 34 என்ற எண்ணைச் சட்டையில் தாங்கித்தான் அந்த அணி யாங்கீஸை ஜெயிச்சது. ஜெயிச்ச வீரர்களிலே அவரோட ஆடினவங்க ஒருத்தரும் இல்லை. ஞாபகம் வச்சிருந்தது ஊர்!

புரூக்ளின் பக்கம் என்ன ஆச்சு? பிள்ளையைப் பறிகொடுத்த நியூயார்க், 1962-ல் மெட்ஸ் என்று புது அணியைத் தொடங்கியது. நிறம் என்ன தெரியுமா? போன டாட்ஜர்ஸின் நீலம், அதே வருஷம் போன ஜயண்ட்ஸின் ஆரஞ்சு. 2009-ல் அவங்க கட்டின புது மைதானத்தின் முகப்பு, இடிச்சுப்போட்ட எபெட்ஸ் ஃபீல்டின் சாயல். வாசல் மண்டபத்துக்குப் பேர் ஜாக்கி ராபின்சன். அவர் மெட்ஸுக்காக ஒரு நாள் கூட ஆடினதில்லை ஐயா! அணியைக் கொண்டு போனவங்களால அந்த ஊரோட ஞாபகத்தைக் கொண்டு போக முடியலை. (பலத்த கைதட்டல்)

நடுவர்: மணி அடிச்சாச்சு. முடியும்.

முடிச்சிடறேன் ஐயா. உரிமையாளரிடம் பத்திரம் இருக்கு. வீரனிடம் ஒப்பந்தம் இருக்கு. ஊர் மக்களிடம் ஒரு காகிதமும் கிடையாது. புரூக்ளினிலே கடைசி நாள் வந்த 6,702 பேரிடமும் இல்லை, சாவேஸ் ரவீனிலே வீடு இழந்தவங்களிடமும் இல்லை. அதனாலதான் முடிவெடுக்கிற மேஜையிலே அவங்களுக்கு நாற்காலி போடுறதில்லை. 'இது யாரோடது?' என்று கேட்டா சட்டம் பத்திரத்தைக் காட்டும். 'இது யாரு?' என்று கேட்டா ஊரைத்தான் காட்டணும். சொத்து வேற, அடையாளம் வேற.

ஆரம்பத்தில் சொன்ன இனிஷியலுக்கு வர்றேன். டாட்ஜர்ஸ் வீட்டை விட்டுக் கிளம்பினாங்க, சுத்தினாங்க, வீட்டுக்குத் திரும்பவே இல்லை. பேஸ்பால் கணக்குப்படி அது ரன்னே ஆகாது! ஆனா இத்தனை கோப்பை, இத்தனை கோடி, இத்தனை பெரிய வீரர்கள் வந்த பிறகும், 4,000 கிலோமீட்டர் தள்ளி, சொந்த மைதானத்து ஆட்டத்துக்கு அவங்க நெஞ்சிலே எழுதிட்டு இறங்குறது என்ன? நூறு வருஷத்துக்கும் முன்னாலே புரூக்ளின் தெருவிலே, பிள்ளையை இடுப்பில் வச்சிக்கிட்டு டிராம் வண்டிக்குத் தப்பி ஓடின யாரோ ஒரு தாயோட பேரை! அந்தத் தாய் ஒரு பந்து கூட அடிச்சதில்லை ஐயா. அணிக்குப் பேர் கொடுத்தது அவள்தான்.

எனவே, ஒரு விளையாட்டு அணிக்கு அடையாளம் தருவது ஊர் மக்களே, ஊர் மக்களே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டுமாய் நடுவர் ஐயா அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)